வலப்பக்கம் தாழ்ந்த கார்

காரின் பின்பக்கம் ஒரு புறம் தாழ்ந்து நின்றால், தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கை மாற்று. இன்று மைசூரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதைத்தான் சொல்கிறார்கள். போன மாதம் எங்கள் மெக்கானிக் சங்கத்துக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் மெஷினைக் காட்டினார்கள். காரை மேலே ஏற்றினால் நான்கு சக்கரத்தின் கணக்கும் டிவியில் தெரிகிறது. நல்ல மெஷின். குறை சொல்லவில்லை. ஆனால் அதன் முன்னால் நின்றவர்கள் ஒருவரும் காரைப் பார்க்கவில்லை. டிவியைப் பார்த்தார்கள். எண் சிவப்பாக வந்தது, ஸ்பிரிங்கை மாற்றச் சொல்லி எழுதிவிட்டார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் தாழ்ந்திருக்குன்னு மெஷின் சொல்லிச்சா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். "சார், நீங்களே எழுதிக் கொடுங்க, சங்க மலர்ல போடறோம்" என்றார்கள். எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

என் பெயர் தங்கவேலு. அப்பா ரயில்வே வேலைக்காக வட ஆற்காட்டிலிருந்து மைசூர் வந்தவர். நான் பிறந்தது அசோகபுரத்தில். படிப்பு ஏறவில்லை. பதினாறு வயதில் பட்டறைக்குப் போனேன். ஐந்து வருஷம் கழுவினேன், துடைத்தேன், கிரீஸ் அடித்தேன், திட்டு வாங்கினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

எங்கள் பட்டறை நஞ்சன்கூடு ரோட்டில் இருந்தது. லாரி, பஸ், காப்பி எஸ்டேட் ஜீப்புகள் இவைதான் வரும். கார் வருவது குறைவு. இருபது பேர் வேலை செய்தோம். முதலாளி கல்லாவைப் பார்த்துக்கொள்வார். பட்டறையை நடத்தியவர் ஃபோர்மேன் ராயர்.

ராயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளை பேண்ட் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வருவார். சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. அதற்காக அவர் வேலை செய்யாதவர் என்று நினைக்காதீர்கள். எதைத் தொடுவது, எதைத் தொடாமல் கேட்டே தெரிந்துகொள்வது என்று அவருக்குத் தெரியும். சத்தம் போட மாட்டார். தப்புச் செய்தவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, மெதுவாக, "நோடப்பா, இதை உன் மனைவி உட்காரும் வண்டியில் இப்படிச் செய்வாயா?" என்பார். அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம். அவர் பேசியது கன்னடம், நோடப்பா என்றால் பாரப்பா. நான் தமிழில் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அவரிடம் நான் முதலில் வாங்கிய அடி ஒரு டாக்டர் காரில். இடப்பக்கம் பின்னால் தாழ்ந்திருக்கிறது என்று கொண்டுவந்தார்கள். நான் அரை நாள் அடியில் படுத்து ஸ்பிரிங்கைக் கழற்றினேன். ராயர் வந்து டிக்கியைத் திறந்தார். இடது மூலையில் இரண்டு மூட்டை வெல்லம். மண்டியாவில் யாரோ நோயாளி கொடுத்தது. ராயர் ஓர் உருண்டை வெல்லத்தை உடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பட்டறை முழுக்க ஒரு மாதம் என்னை 'பெல்லா' என்று கூப்பிட்டது. கன்னடத்தில் வெல்லத்துக்கு அதுதான் பெயர்.

அதற்குப் பிறகு அவர் எனக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தார். இந்த முறையை இப்போது யாரும் செய்வதில்லை, அதனால் முழுதாக எழுதுகிறேன்.

முதலில் தரை. பட்டறைத் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டிருக்கும். அதில் காரை நிறுத்தி அளந்தால் தரையைத்தான் அளக்கிறாய், காரை அல்ல. ராயர் ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்து, சுவரோரம் நான்கு இடத்தில் மஞ்சள் பெயிண்டால் வட்டம் போட்டு வைத்திருந்தார். நான்கு சக்கரமும் அந்த வட்டத்தில்தான் நிற்க வேண்டும். அடுத்தது டயர். நான்கும் ஒரே அளவா, காற்று சரியா. டிக்கி காலி. பிறகு காரைக் கையால் பத்தடி தள்ளி, மறுபடி வட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. பின் பம்பரை இரண்டு பக்கமும் மூன்று தடவை அமுக்கி விட வேண்டும். ஸ்பிரிங் தானாக வந்து நிற்கும் இடத்தில்தான் அளவு. சக்கர நடுவிலிருந்து மட்கார்டுக்கு ஓர் அளவு. ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு இன்னோர் அளவு. ஏனென்றால் மட்கார்டு எப்போதாவது அடிபட்டு, தகரக்காரன் தட்டி நிமிர்த்தியதாக இருக்கலாம். தகரம் பொய் சொல்லும், சேஸிஸ் அவ்வளவு சீக்கிரம் சொல்லாது.

அதோடு ஒரு சோதனை. முன்பக்கம் சரியாக நடுவில் ஒரே ஒரு ஜாக்கியை மரக்கட்டை வைத்துக் கொடுத்து, முன் சக்கரங்களை லேசாகத் தூக்கு. இப்போது கார் முன்னால் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது. பின்னால் இருந்த சாய்வு போய்விட்டால் கோளாறு முன் ஸ்பிரிங்கில். போகவில்லை என்றால் பின்னால். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு ஜாக்கியும் ஒரு மரக்கட்டையும் போதும்.

இனி அந்தக் காருக்கு வருகிறேன். ஊர்ப் பலகைகளில் மைசூர் மாநிலம் என்பதை அழித்துக் கர்நாடகா என்று எழுதிக்கொண்டிருந்த சமயம். குடகிலிருந்து ஓர் எஸ்டேட்காரர் இரண்டு பேர் மட்டும் உட்காரும் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். கரும்பச்சை. கூரை கிடையாது. கதவைத் திறந்து உட்கார்ந்தால் கையைத் தொங்கவிட்டுத் தரையைத் தொடலாம். பின் ஸ்பிரிங் இரண்டும் உட்கார்ந்துபோய், மலைப்பாதையில் அடிப்பாகம் உரசுகிறது என்றார். லாரிக்கு இருப்பதுபோலவே பட்டை ஸ்பிரிங்தான், சின்னதாக. வெளிநாட்டுப் பட்டை மைசூரில் கிடைக்காது. அதையே உலையில் காய்ச்சி வளைத்துக் கொடுப்பதென்று முடிவாயிற்று.

உலை வேலை மாதையனுடையது. கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரத்துக்காரன். கட்டிட வேலைக்குக் கல் சுமக்க மைசூர் வந்து, அங்கிருந்து எங்கள் உலைக்கு வந்தவன். அப்போது அவன் சேர்ந்து எட்டு மாதம். இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பட்டறைக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரே அறையில் மனைவி ராசம்மாவோடு இருந்தான். வேலை போனால் அந்த அறையும் போகும்.

அவனைப்போல் பட்டை காய்ச்சுகிறவனை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. இரும்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான், பேச மாட்டான். எண்ணெயில் முக்கி எடுத்து, அரம் போட்டுக் கடினம் பார்ப்பான். அந்தக் காரின் இரண்டு பட்டைக் கட்டுகளையும் முதுகோடு முதுகு சேர்த்து வைத்து, நுனிகளுக்கு நடுவே இடைவெளியை அளந்தான். இரண்டும் ஒன்று. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "ஏனுங்ணா, ஒரு நூலு வித்தியாசம் இருந்தா என்ற கைய வெட்டிக்கறேன்" என்றான். எங்கள் தொழிலில் நூல் என்றால் இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு.

பூட்டியது நான். அதுதான் விஷயம்.

எங்கள் பட்டறையில் ஒரு பலகை தொங்கியது. ராயர் தன் கையால் எழுதியது. அதில் ஒரு விதி: வண்டி தரையில் இறங்குமுன் எல்லா போல்ட்டும் முழு முறுக்கு. நான் சேருவதற்கு முன் ஒரு லாரியின் ஸ்பிரிங் போல்ட்டை ஒருவன் கையால் மட்டும் திருகிவிட்டு மறந்துபோய், அந்த லாரி ஸ்ரீரங்கப்பட்டணம் பாலத்துக்கு முன்னால் குடை சாய்ந்தது. அன்றிலிருந்து இந்த விதி. மீறியவனுக்கு வேலை இல்லை. நான் பார்க்கவே ஒருவனை அனுப்பினார்கள்.

இடப்பக்கத்தை விதிப்படி பூட்டினேன். கார் ஸ்டாண்டில், சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது, போல்ட்டுகள் முழு முறுக்கு. வலப்பக்கம் பட்டையை மாட்டி நட்டைக் கையால் திருகியபோது ஒரு கல்யாணப் பஸ் வந்து வாசலில் நின்றது. பின் ஆக்சில் போய்விட்டது. உள்ளே நாற்பது பேர், மாப்பிள்ளையும் இருக்கிறான். முதலாளி கத்துகிறார். நல்ல ஸ்டாண்டு பட்டறையில் இரண்டுதான், இரண்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில். "எடு, எடு" என்கிறார்கள். ராயர் பஸ்ஸுக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தார். நான் காரை இறக்கினேன், ஸ்டாண்டை எடுத்துக் கொடுத்தேன், காரைச் சுவரோரம் தள்ளினேன். பிறகு தரையில் ஒருக்களித்துப் படுத்து, கையை நீட்டி, முழங்கை தோல் உரிய, வலப்பக்க போல்ட்டுகளை முறுக்கினேன். முழு முறுக்குத்தான். ஒன்றும் லூசாக விடவில்லை. ஆனால் தரையில் இறக்கிய பிறகு முறுக்கியது. விதியை மீறியாயிற்று. யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. பஸ் அமளியில் யாரும் காரை அளக்கவும் இல்லை. சாயங்காலம் எஸ்டேட்காரர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கிளப்பில என் காரைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. காலைத் தூக்கிட்டு நிக்கிற நாய் மாதிரி இருக்காம். லாரிக்காரன் கையில கொடுத்தது என் தப்பு."

பின்னால் போய் நின்று பார்த்தேன். உண்மைதான். வலப்பக்கம் தாழ்ந்திருந்தது. லாரியில் இவ்வளவு இருந்தால் யாருக்கும் தெரியாது. அவ்வளவு சின்னக் காரில், அதுவும் பம்பர் கத்தி மாதிரி நேராக இருக்கும்போது, குருடனுக்கும் தெரியும்.

ராயர் எல்லா முறையும் செய்தார். மஞ்சள் வட்டம், டயர், டிக்கி, தள்ளுவது, அமுக்குவது. நான் டேப்பைப் பிடித்தேன். அவர் பென்சிலால் எழுதினார். மட்கார்டு அளவிலும் ஐந்து நூல் வித்தியாசம், சேஸிஸ் அளவிலும் ஐந்து நூல். தகரத்தின் கோளாறு இல்லை. முன்னால் நடுவில் ஜாக்கி கொடுத்தோம். பின் சாய்வு அப்படியே நின்றது. முன்பக்கக் கோளாறும் இல்லை.

ராயர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கவேலு, ரெண்டு பக்கமும் தொங்கவிட்டே முறுக்கினியா?"

"ஹௌது, சார்" என்றேன். ஆமாம் என்று.

பொய். பயத்தில் சொன்ன பொய். இதற்கு வேறு நல்ல பெயர் ஒன்றும் கிடையாது. எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். போல்ட்டை எங்கே முறுக்கினால் என்ன, முறுக்கு முறுக்குத்தானே, இதற்கும் சாய்வுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அப்போ பூட்டினதில் தப்பு இல்லை. மிச்சம் இருப்பது ஸ்பிரிங்தான்" என்றார் ராயர்.

அவர் சொன்னது சரியான கணக்கு. நான் கொடுத்த எண் தப்பு.

முதலாளிக்கு அது போதும். எஸ்டேட்காரர் முன்னாலேயே மாதையனைக் கூப்பிட்டார். "எட்டு மாசமா என்னடா காய்ச்சின? சோறா?" என்றார். மாதையன் கரி படிந்த கையைத் துடைக்கவே இல்லை.

"இல்லீங் மொதலாளி. என்ற பட்டை எறங்காதுங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்க. இந்த அண்ணன் பாத்தாருங்க. கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பார்க்கும்போது ஒண்ணாத்தான் இருந்துச்சு" என்றேன். பார்க்கும்போது. அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன் பாருங்கள், அதை இன்று நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. காய்ச்சியது சரியில்லை, ஓடும்போது இறங்கிவிட்டது என்றுதானே அதற்கு அர்த்தம். அப்படித்தான் முதலாளியும் எடுத்துக்கொண்டார். பம்பாயிலிருந்து புது ஸ்பிரிங் வரவழைப்பதாக எஸ்டேட்காரரிடம் கைகூப்பினார். "நாளை மத்தியானத்தோட நீ கணக்கு முடிச்சுக்க" என்று மாதையனிடம் சொன்னார். ராயர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "தங்கவேலு, நாளைக்கு ரெண்டு பட்டையையும் கழற்றி, மறுபடி முதுகோட முதுகு வெச்சு எனக்குக் காட்டு. நான் பார்க்காமல் நம்ப மாட்டேன்."

மறுநாள் காலை காருக்கு அடியில் போனேன். ராயர் டீ குடிக்கப் போயிருந்தார். இறுகிய நட்டை, வண்டி தரையில் நிற்கும்போதே ஓர் இழுப்பு இழுத்துத் தளர்த்திக்கொள்வது வழக்கம். தொங்கவிட்டு இழுத்தால் வண்டி ஆடும். அதனால் சக்கரம் தரையில் இருக்கும்போதே இடப்பக்கம் முன் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன்.

கிறீச்சென்று ஒரு சத்தம். இரும்புச் சத்தம் இல்லை. ரப்பர் திரும்பும் சத்தம். தலைக்கு மேல் இருந்த கார் மெதுவாக என்னை நோக்கி இறங்கியது. பயந்து வெளியே உருண்டேன். ஒன்றும் விழவில்லை. அடுத்து, பட்டையின் பின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் நட்டுகளையும் தளர்த்தினேன். மறுபடி அதே சத்தம், இன்னும் கொஞ்சம் இறக்கம். எழுந்து பின்னால் போய் நின்றேன். பம்பர் நேராக இருந்தது. நூல் பிடித்த மாதிரி நேராக.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூளை வேலை செய்ய ஒரு பீடி நேரம் ஆயிற்று.

லாரிப் பட்டையின் நுனி வளையமான கண்ணுக்குள், போல்ட்டுக்கு உறையாக இருப்பது பித்தளை புஷ். கிரீஸ் அடித்தால் போல்ட்டைச் சுற்றி வழுக்கும். எங்கே முறுக்கினாலும் ஒன்றுதான். இந்தக் காரில் இருந்தது ரப்பர் புஷ். போல்ட்டை இறுக்கியதும் ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும், வழுக்காது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், தொங்கும் நிலைதான் அதற்குச் சொந்த நிலை. காரை இறக்கும்போது ரப்பர் முறுக்கேறி, பழைய இடத்துக்குப் போகத் துடித்து, காரை மேலே தூக்கிப் பிடிக்கும். இடப்பக்கம் அப்படித்தான் தூக்கிக்கொண்டு நின்றது. வலப்பக்கத்தை நான் தரையில் வைத்து முறுக்கினேன். அது சரியான உயரத்தில் நின்றது.

அதாவது, தாழ்ந்த பக்கம் தாழவே இல்லை. உயர்ந்த பக்கம்தான் கோளாறு. நாங்கள் எல்லோரும், ராயர் உள்பட, தாழ்ந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். விதியை மதித்த பக்கம் தப்பு, மீறிய பக்கம் சரி.

இப்போது என் முன்னால் சுலபமான வழி ஒன்று இருந்தது. தளர்த்திய போல்ட்டுகளைத் தரையிலேயே வைத்து முறுக்கிவிட்டால் கார் நேராக நிற்கும். பட்டை தானாகச் சரியாகிவிட்டது, ஓடி ஓடி உட்கார்ந்துவிட்டது என்று எதையாவது சொல்லலாம். எனக்கு ஆபத்தில்லை. எஸ்டேட்காரர் போய்விடுவார். மாதையனும் போய்விடுவான்.

முறுக்கவில்லை. ராயர் டீ குடிக்கும் இடத்துக்குப் போனேன்.

"சார், நேத்து நான் பொய் சொன்னேன். வலப்பக்கத்தைத் தரையில வெச்சு முறுக்கினேன். மாதையன் பட்டையில தப்பில்ல. வந்து பாருங்க."

ராயர் டம்ளரைக் கீழே வைத்தார். "யாவ கடே?" என்றார். எந்தப் பக்கம் என்று மறுபடி கேட்கிறார்.

"வலப்பக்கம்."

எழுந்து வந்தார். பம்பரைப் பார்த்தார். தளர்ந்த நட்டுகளைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"சாய்வைப் போக்கிட்டே. சரி. மறுபடி வரவழைச்சுக் காட்டு. வரவழைக்க முடிந்தால்தான் நீ கண்டுபிடித்தாய் என்று அர்த்தம்."

செய்தேன். காரைத் தூக்கி, இடப்பக்கத்தைத் தொங்கவிட்டு முழு முறுக்கு முறுக்கி இறக்கினேன். தள்ளி, அமுக்கி, அளந்தோம். வலப்பக்கம் ஐந்து நூல் தாழ்வு, நேற்றைய அதே கணக்கு. தரையில் வைத்துத் தளர்த்தினேன். கிறீச். போயிற்று. "இன்னொரு தடவை" என்றார். மறுபடி தூக்கி, முறுக்கி, இறக்கி, தளர்த்தி. மறுபடி வந்தது, போனது. என் சட்டை பிழியப் பிழிய நனைந்துவிட்டது. இதற்குள் பட்டறையில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள்.

"சாகு" என்றார் ராயர். போதும் என்று. பிறகு ஒருவரும் எதிர்பார்க்காததைச் செய்தார். அந்த வெள்ளை பேண்டோடு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். "இந்த வண்டி டிரைவரோடுதான் ஓடும். என் எடையோடு முறுக்கு. ரெண்டு பக்கமும்." அவர் மேலே உட்கார்ந்திருக்க, நான் அடியில் ஒருக்களித்துப் படுத்து முறுக்கினேன்.

இறங்கியதும் நேராகப் பலகைக்குப் போனார். தன் விதிக்குக் கீழே எழுதினார்: ரப்பர் புஷ் உள்ள வண்டிக்கு இது பொருந்தாது, எடை தரையில் நின்ற பிறகு முறுக்கு, முறுக்கியவன் கையெழுத்துப் போடு. எழுதி முடித்து, கூடியிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்த விதியில் ஓட்டை இருந்தது. ஓட்டை என்னுடையது. லாரிக்கு எழுதினேன், கார் வரும் என்று யோசிக்கவில்லை." என்னிடம் திரும்பினார். "போல்ட்டுக்காக உன்னை ஒன்றும் செய்ய மாட்டேன். பொய்க்காக மூணு நாள் வராதே. நான் உன் வாயிலிருந்து வந்ததை அளவாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். அளவில் பொய் சொல்கிறவனை வைத்துக்கொண்டு நான் எதைக் கண்டுபிடிப்பது?"

நாற்பது வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த தண்டனைகளில் அது ஒன்றுதான் முழுக்க நியாயமானது.

முதலாளியிடம் ராயரே பேசினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. வெளியே வந்த முதலாளி, "அந்த மாதையன் எங்கே? வேலையப் பாக்கச் சொல்லு" என்றார், நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி.

உலை அணைந்து கிடந்தது. சுத்தியல்களைத் துடைத்து வரிசையாக வைத்திருந்தான். பின்னால் போய்ப் பார்த்தேன். அறை காலி. பக்கத்துக் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், அரை மணி முன்னால் சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள்.

யாருடைய சைக்கிள் என்று பார்க்காமல் எடுத்து மிதித்தேன். கொள்ளேகால் வழியாக ராமாபுரம் போகிற பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மேலே கூடை, மூட்டை, கோழிக் கூண்டு எல்லாம் ஏற்றிக் கயிறு போட்டாயிற்று. ஜன்னலோரம் ராசம்மா. பக்கத்தில் மாதையன், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு.

"மாதையா, இறங்கு. வேலை இருக்கு."

அவன் துண்டை எடுத்தான். என்னைப் பார்த்தான்.

"பட்டை சரியாத்தான் இருக்கு. கோளாறு பூட்டினதுல. ராயர் ரெண்டு தடவை வெச்சுப் பாத்துட்டாரு. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு. முதலாளியே உன்னைக் கூப்பிடறாரு."

"பூட்டினது ஆருங்ணா?" என்று கேட்டது மாதையன் அல்ல, ராசம்மா. அதுவரை அவள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

கண்டக்டர் விசில் ஊதினான். "இறங்கறதுன்னா இறங்குங்க சாமி, பஸ் உங்க மாமனார் வீட்டுதா?"

"நான்தாம்மா" என்றேன்.

"நேத்து இவரு உங்களக் கைகாட்டிக் கேட்டாராமே. அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்?"

"சொல்லியிருக்கலாம். பயந்துட்டேன்."

பஸ்ஸில் பாதிப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாதையன், "விடு புள்ள" என்று முணுமுணுத்தான். அவள் விடவில்லை.

"இவரு நேத்திருந்து ஒரு வாய் சோறு திங்கலைங்க. கையிலயே தப்பு வந்துருச்சோன்னு கையவே பாத்துட்டு உக்காந்திருக்காரு. நாங்க எறங்கறோம். ஆனா ஏத்துனது நாங்க. எறக்கறது நீங்க."

நான் பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஏணியில் ஏறினேன். டிரைவர் ஹாரன் அடித்தார். மேலே கயிற்றை அவிழ்த்துத் துணி மூட்டையைக் கீழே கொடுத்தேன். பாத்திரக் கூடையைக் கொடுத்தேன். கடைசியில் சாக்கில் சுற்றிய ஒன்று கிடந்தது. அம்மிக்கல். நல்ல கருங்கல். தோளில் ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் ஏணியைப் பிடித்து, பின்பக்கமாகக் கால் வைத்து இறங்கினேன். கீழே இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு ராசம்மா சொன்னாள்.

"பாத்து எறக்குங்ணா. ஒடஞ்சா அதுக்கும் இவரத்தான் கைகாட்டுவீங்க."

உடையாமல் இறக்கினேன்.